இணைப்பே தெரியாத பூமி

செல்வநாயகி கைபட்ட பொம்மையில் இணைப்பு எங்கே இருக்கிறது என்று பிரம்மனே இறங்கி வந்தாலும் தேடத்தான் வேண்டும். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பதினெட்டு வருசமாக அவளுக்கு ஒரே வேலை. அச்சிலிருந்து வெளியே வரும் பச்சை மண் பொம்மையின் பிசிறைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தடமே இல்லாமல் ஆக்க வேண்டும். அச்சைச் சுற்றிக் கட்டும் ரப்பர் தளர்ந்து ஒரு பாதி நழுவிவிட்டால் போச்சு, பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். அதையும் அவள் சீவி, குழைத்த மண்ணை வைத்து நேராக்கிவிடுவாள். தேறாது என்று மற்றவர்கள் ஒதுக்கியதெல்லாம் அவள் பலகைக்குத்தான் வரும்.

அந்தக் கைதான் அவளுக்கு வினையாக வந்தது.

சுனாமி வந்து போன அடுத்த வருசம் அது. கடலூர் ஜில்லா முழுக்க டீக்கடைக்கு டீக்கடை பூமித்தட்டு, பூகம்பம் என்றே பேச்சு. பள்ளிக்கூடங்களுக்குப் பாடக் கருவி விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்று, பீங்கானில் நில மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லி முதலாளி கலியமூர்த்தியிடம் ஆர்டர் கொடுத்தது. இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவு. மேலே வயல், குறுக்கே ஒரு ஓடை, பக்கத்தில் ஒரு ரோடு, நட்ட நடுவே ஒரு கோடு. அச்சையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள்.

கலியமூர்த்தி அச்சைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார். "அறுபது உருப்படி. எப்பவும் போல சுத்தமா வரணும். இணைப்பே தெரியக் கூடாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மச்சினன் வீட்டுக் கல்யாணம் என்று திட்டக்குடிக்கு பஸ் ஏறிவிட்டார்.

முதல் உருப்படி வெளியே வந்ததும் செல்வநாயகிக்குச் சிரிப்பு வந்தது. நடுக்கோடு வரைக்கும் ஒழுங்காக வந்த ஓடை, அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிப் போய் ஓடியது. ரோடும் அப்படியே. அசல் நழுவின அச்சின் லட்சணம். ரப்பரை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். அடுத்ததும் அதே மாதிரி வந்தது. சூளை பார்க்கும் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அச்சே கோணலு. மொதலாளிக்குப் போன் போட்டா எடுக்கல" என்றான் அவன். "நீதான் கோணலை நிமித்தறவளாச்சே, நிமித்து."

நிமிர்த்தினாள். ஓடையைத் தூர்த்து நேராக வெட்டினாள். ரோட்டைச் சேர்த்தாள். மூன்று நாள் குனிந்த தலை நிமிரவில்லை. அறுபதில் ஒன்றிலாவது அந்த நடுக்கோடு தெரிந்திருக்க வேண்டுமே, ம்ஹும். நாலாம் நாள் எல்லாம் சூளையில் வெந்து வெள்ளை வெளேரென்று வெளியே வந்தன.

அன்றைக்கே கலியமூர்த்தியும் வந்தார். கம்பெனிக்காரர்கள் கொடுத்த படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அந்தப் படம் இத்தனை நாளும் அவர் பையிலேயே இருந்து கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது. படத்தைப் பார்த்தார், உருப்படியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"ஓடை ஒடிஞ்சிதான் இருக்கணும். யாரு ஒன்ன ஒட்டச் சொன்னது? கவனமில்லாத கழுதை" என்றார். பட்டறையில் இருந்த பதினோரு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அதோடு விட்டாரா? உள்ளே போய் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். 'என் கவனக்குறைவால் அறுபது உருப்படியும் வீணாகிவிட்டன. இதற்கு முதலாளி பொறுப்பல்ல.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"நாளைக்கு கம்பெனி மேடம் வராங்க. இதுல கையெழுத்துப் போட்டுட்டு மண்ணு சொமக்கற பக்கம் போ. இல்லன்னா வூட்டுக்குப் போ."

செல்வநாயகி காகிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிசகு நடந்தது வாஸ்தவம், அதை அவள் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கவனக்குறைவாமே. மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலைக்குப் பேர் கவனக்குறைவா? இதில் கையெழுத்துப் போட்டால் சாயங்கால டீக்குள் பேட்டை பூராவும் தெரிந்துவிடும். அப்புறம் எந்தப் பட்டறையிலும் அவளைக் கத்தி பிடிக்க விட மாட்டார்கள்.

"போட மாட்டேங்க" என்றாள். "வூட்டுக்கும் போக மாட்டேன். மேடம் வரட்டும்."

மறுநாள் பத்து மணிக்குக் கம்பெனி மேடம் இனியா வந்தாள். அந்த நில மாதிரியை வரைந்தவளே அவள்தான். முப்பது வயசு இருக்கும். கலியமூர்த்தி காகிதத்தோடு முந்திக்கொண்டு ஓடினார். "வேலையாள் செஞ்ச தப்புங்க மேடம்" என்று ஆரம்பித்தார்.

செல்வநாயகி எழுந்து வந்து நடுவே நின்றாள். "தப்பு இருக்கட்டுங்க மேடம். இது என்னான்னு மொதல்ல சொல்லுங்க. ஓடை எதுக்கு ஒடியணும்?"

"நீங்க சொல்லலையா சார்?" என்று கேட்டாள் இனியா. கலியமூர்த்தி படத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவருக்கே தெரிந்தால்தானே சொல்வதற்கு.

இனியா பலகை மேல் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டி வைத்தாள். "பூமியோட மேல் ஓடு துண்டு துண்டா இருக்குதுக்கா. சில எடத்துல ரெண்டு துண்டு முட்டிக்கும். சில எடத்துல இப்படி ஒண்ண ஒண்ணு ஒரசிக்கிட்டுப் பக்கவாட்டுல போகும்." ஒரு கையை முன்னே தள்ளினாள். "பர்மாவுல வடக்கு தெக்கா அப்படி ஒரு வெடிப்பு ஓடுது. கணக்குக்கு வருசத்துக்கு ஒரு விரற்கடை. ஆனா தெனம் நகராது. ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு நிக்கும். ரொம்ப வருசம் பொறுத்துட்டு ஒருநாள் மொத்தமா நகந்துடும். அதுதான் பூகம்பம். நேரா இருந்த வேலி, ரோடு, ஓடை எல்லாம் அந்த எடத்துல ஒடிஞ்சி தள்ளிப் போயிடும்."

செல்வநாயகி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப, அதுக்கு முன்னாடி ஓடை நேராத்தான் இருந்துதா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் செஞ்சிருக்கறது முந்தின நாளு."

இனியா ஓர் உருப்படியைக் கையில் எடுத்தாள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"முந்தின நாளையும் பிந்தின நாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா புள்ளைங்களுக்குச் சட்டுனு புரியும்" என்றாள். "சார், இந்த அறுபதையும் நான் எடுத்துக்கறேன். நடுக்கோட்ட மட்டும் பெயிண்ட்ல இழுத்துக்கறோம். ஒடிஞ்ச ஓடை அறுபது தனியா வேணும். இவங்க கையாலதான் வேணும்."

கலியமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காகிதத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான். போ, போயி வேலையப் பாரு" என்றார்.

செல்வநாயகி நகரவில்லை. "காகிதத்தக் கசக்கிட்டீங்க. நேத்து சொன்ன வார்த்தைய என்னா செய்யப் போறீங்க?"

"இப்ப என்னாதான் வேணும் ஒனக்கு?"

"எம் மேல கவனக்குறைவு இல்லன்னு சொல்லுங்க. படத்தக் காட்டாம போனது நாந்தான்னு சொல்லுங்க. அதே பதினோரு பேரு முன்னாடி."

"மொதலாளிகிட்டப் பேசற பேச்சா இது?"

"பதினெட்டு வருசமாப் பேசலைங்க. இன்னைக்குப் பேசறேன்" என்றாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "சொல்லாம கத்தியத் தொட மாட்டேன்."

கலியமூர்த்தி இனியாவைப் பார்த்தார். அவள் மும்முரமாக உருப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அச்சில் மண் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டார்கள். சாமிக்கண்ணு சூளை வாசலிலேயே நின்றுவிட்டான். தப்பிக்க வழி இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வார்த்தையைப் பாதி மென்று பாதி முழுங்கிச் சொன்னார்.

"செல்வநாயகி மேல தப்பில்ல. நாந்தான் படத்தக் காட்டாம போயிட்டேன்."

செல்வநாயகி முந்தானையிலிருந்து கையை எடுத்தாள்.

"சூளைகிட்ட நிக்கறவங்களுக்குக் கேக்கலைங்க" என்றாள். "இன்னொரு தரம் சொல்லுங்க."