பொனிமானுக்கு ஒட்டிய பெயர்

எங்கள் அலுவலகத்தில் இப்போது யாரும் நிரல் எழுதுவதில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் ஒரு கோப்பில் எழுதுகிறார்கள். இந்தச் சேவைக்கு இத்தனை வாசல்கள், இந்த வாசலில் இன்ன விவரம் வரும், இது கட்டாயம், இது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்தது இன்ன இடத்தில் போய்ச் சேரும். எப்படிச் செய்வது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது. அதற்கு ஸ்பெக் என்று பெயர். அதை இயந்திரத்திடம் கொடுத்து, இதன்படி கட்டு என்று ஒரு பிராம்ப்ட் தட்டினால், தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் எழுந்து நிற்கும். தட்டுகிறவர் மாஸ் தனாங். ஜாவாவில் வயதில் சற்று மூத்த ஆண்கள் எல்லோரும் எங்களுக்கு மாஸ்தான், மரியாதை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எழுந்து நின்றதை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது என் வேலை.

இந்த முறை வந்தது மலைப்பக்கத்துக் கண் மருத்துவமனை ஒன்றின் வேலை. கண்புரை அறுவைக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். கிராமத்திலிருந்து பெயர் வரும், எங்கள் சேவை தேதி கொடுக்கும், அட்டை அச்சாகும். திங்கட்கிழமை முதல் அறுவை. வாசலில் இருக்கும் காவலாளி பட்டியலில் உள்ள பெயரை அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார். ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மாஸ் தனாங் புதிதாக ஸ்பெக் எழுதவில்லை. முன்பு ஒரு சிங்கப்பூர்க்காரருக்குச் செய்ததை எடுத்து, மருத்துவமனையின் பெயரை மட்டும் மாற்றினார். அதில் முதற்பெயர் கட்டாயம், குடும்பப்பெயரும் கட்டாயம். ஜாவாக்காரர் ஒருவர் இதைச் செய்யலாமா? அவர் அப்பாவுக்கே ஒரே பெயர்தான், குடும்பப்பெயர் கிடையாது. எனக்கும் விகாதி என்பதோடு சரி.

முதல் ஓட்டத்தில் நூற்று நாற்பத்தொரு பேரை இயந்திரம் தள்ளிவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு. மாஸ் தனாங் பொரித்த சோயா வில்லையான தெம்பேயைத் தின்றபடியே, விரலைக்கூடத் துடைக்காமல் தட்டினார்: "ஒருத்தரும் தள்ளுபடி ஆகக் கூடாது. ஸ்பெக்கைத் தொடாதே. சரிசெய்." இரண்டு நிமிடத்தில் எல்லாம் பச்சை.

"மிகச் சிறந்த முடிவு, மாஸ்!" என்று ஆரம்பித்து இயந்திரம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தது. அதன் மூன்றாவது வரியில், குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்குப் பொருத்தமான பெயர்களை நிரப்பிவிட்டேன் என்று இருந்தது. ஒளிக்கவேயில்லை. படித்தால் தெரிந்திருக்கும். மாஸ் தனாங் எண்ணெய் விரலால் ஒரே இழுப்பில் கடைசி வரிக்குப் போனார்.

நான் அட்டைகளைத் திறந்து பார்த்தேன். வாகியெம் ஹாலிம். துகினம் விஜயா. பொனிமான் சித்தோருஸ். யாரோ எச்சில் தொட்டு அந்தக் கிழவர்களின் நெற்றியில் காகிதத்தை ஒட்டியதுபோல இருந்தது.

"மாஸ்," என்றேன். இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் அவருக்குக் கேட்டது.

"என்ன, முகத்தை இப்படி வெச்சிருக்க? எல்லாம் பச்சை விழுந்துடுச்சுல்ல?"

"இதெல்லாம் இவங்க பேரு இல்ல, மாஸ்."

"பின்ன யாரு பேரு?"

"யாரு பேரும் இல்ல. அதுவா வெச்சது."

"கல்யாணப் பத்திரிகையா அடிக்கிறோம், தங்கச்சி? கண்ணு ஆபரேஷன். பேரைப் பார்த்தா கத்தி வெப்பாங்க?"

"வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. எங்க பெரியம்மாவ ஒரு எழுத்து மாறினதுக்கு அனுப்பினாங்க. ரெண்டு பஸ் மாறிப் போனவங்க."

அதற்குள் முதலாளி பாக் ஹெர்மான் வந்துவிட்டார். பெரிய மனிதர்கள் ஆண் என்றால் எங்களுக்குப் பாக், பெண் என்றால் இபு. மருத்துவமனைக்காரர்களிடம் அவர் ஏற்கெனவே பெருமையடித்திருந்தார்: ஒரு ஆள், ஒரு கோப்பு, பன்னிரண்டே நாள். அட்டைகளை அச்சுக்கு அனுப்பச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"என்னவாம் விகாதிக்கு?"

"பேரு பிடிக்கலையாம் பாக்," என்று மாஸ் தனாங் சிரித்தார்.

"மெஷின் வெச்ச பரீட்சை எல்லாம் பாஸ்தானே?"

"நூத்துக்கு நூறு."

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அது எழுதின பரீட்சைய அதுவே திருத்திக்கிச்சு, பாக்."

பாக் ஹெர்மான் என்னைப் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு தெம்பேயை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டு, மீதியை அதே தட்டில் வைத்தார். "நீ பள்ளிக்கூடம் முடிச்சியா?"

"இல்ல, பாக்."

"அது உலகத்துல இருக்கிற புஸ்தகமெல்லாம் படிச்சிருக்கு. ஸ்பெக்குல மருத்துவமனை கையெழுத்துப் போட்டாச்சு. இனி அதுதான் சட்டம். சட்டத்துல குடும்பப்பேரு கட்டாயம்னு இருக்கா, இல்லையா?"

"இருக்கு, பாக்," என்றார் மாஸ் தனாங், என்னைக் கேட்ட கேள்விக்கு.

நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். காது சுட்டது. அவர்கள்மேல் வந்த அருவருப்பில் பாதி என்மேலும் இருந்தது. புதன்கிழமை அட்டைகள் அச்சாயின. வியாழக்கிழமை கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை நண்பகல் ஆண்கள் எல்லோரும் தொழுகைக்குப் போனார்கள். அலுவலகத்தில் நான் மட்டும். மாஸ் தனாங் திரையைப் பூட்டிவிட்டுப் போகிறவர் அல்ல. அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன், இருக்கை இன்னும் சூடாக இருந்தது. விசைகளுக்கு நடுவே தெம்பேத் துணுக்கும் கிராம்புச் சிகரெட்டின் சாம்பலும் கலந்து பிசுபிசுத்தன. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு ஸ்பெக்கைத் திறந்தேன்.

இரண்டே மாற்றம். குடும்பப்பெயருக்கு எதிரே இருந்த 'கட்டாயம்' என்ற சொல்லை எடுத்தேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: அடையாள அட்டையில் உள்ளது மட்டுமே பெயர், இல்லாததை யாரும் நிரப்பக் கூடாது. பிறகு பிராம்ப்ட் தட்டினேன்: "இதன்படி திரும்பக் கட்டு. கிராமத்திலிருந்து வந்த பட்டியலை முதலிலிருந்து ஏற்று."

"மிகச் சிறந்த முடிவு, மாஸ்! ஒற்றைப் பெயர் ஜாவாப் பண்பாட்டின் பெருமைமிக்க அடையாளம்."

நான் சொன்னதும் சிறந்த முடிவு, அவர் சொன்னதும் சிறந்த முடிவு. வாசலில் போகிற நாயை அதன்முன் உட்காரவைத்தாலும் இதையேதான் சொல்லும். பட்டியலை மட்டும் சரிபார்த்தேன். முன்னூற்றுப் பன்னிரண்டும் கிராமம் அனுப்பியபடியே இருந்தன. காவலாளியின் கைக்கு இனி இதுதான் போகும்.

ஆனால் தப்பான அட்டைகள் நூற்று நாற்பத்தொரு வீடுகளில் இருந்தன. அட்டையில் வேறு ஆள் பெயர் என்று பயந்து யாராவது வராமலே இருந்துவிட்டால்? பட்டியலில் தொலைபேசி எண்கள் இருந்தன. முன்பின் தெரியாதவர்களோடு பேசவேண்டும் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைக்காரரிடம் சில்லறை கேட்கவே இரண்டு முறை யோசிப்பவள். முதல் எண்ணைப் போட்டுவிட்டு, யாரும் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்.

"பாக் பொனிமானா? உங்க கண் ஆபரேஷன் அட்டை விஷயமா..."

"அடேயப்பா, நல்லவேளை கூப்பிட்டம்மா! சித்தோருஸ்னு போட்டிருக்காமே. அது சுமத்ராவுல இருக்கிற பத்தாக் ஜனங்க வம்சப் பேராச்சே! எங்கம்மா ஒருநாளும் சுமத்ராவுக்குக் கப்பல் ஏறினதில்லையே. எம்பொண்டாட்டி நேத்திலிருந்து என்னை ஒரு மாதிரியா பார்க்குறா."

"அது தப்பு, பாக். எங்க தப்பு. அட்டைய விட்டுடுங்க. அடையாள அட்டைய மட்டும் எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை வாங்க. வாசல்ல உங்க பேரு மட்டும்தான் இருக்கும்."

"நிச்சயமா? அவ்வளவு தூரம் வந்து திரும்ப முடியாதும்மா. ரெண்டு கண்ணும் புகையா இருக்கு."

"நானே பார்த்துட்டேன், பாக்."

பதினைந்தாவது அழைப்பில் இருந்தபோது மாஸ் தனாங் தொழுகை முடிந்து, வழியில் வாங்கிய வறுத்த வேர்க்கடலையோடு வந்தார். திரையைப் பார்த்தார்.

"ஸ்பெக்ல யாரு கை வெச்சது?"

"நான்தான்."

அவர் முகம் வெளுத்தது. பாக் ஹெர்மானின் அறைக்கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, கடலைத்தோல் ஒட்டிய விரலால் இயந்திரத்திடம் தட்டினார். பின்னால் நின்று படித்தேன்: "இந்த மாற்றம் சரியா?"

"முற்றிலும் சரி, மாஸ்! மிகச் சிறந்த முடிவு!"

மாஸ் தனாங் மூச்சை விட்டார். நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அப்படின்னா சரி. பாக் கேட்டா நான் யோசிச்சு மாத்தினேன்னு சொல்லிடறேன். உனக்கு எதுக்கு வம்பு?"

"சொல்லிக்கோங்க. இன்னும் நூத்தி இருபத்தாறு பேரைக் கூப்பிடணும். பாதி நீங்க கூப்பிடுறீங்களா?"

"நானா?" கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "அதையும் அதுகிட்டயே சொல்லிப் பாரேன். அழகா ஒரு கடிதம் எழுதிக் குடுக்கும்."

கடிதம் படிக்கக் கண் தெரிந்தால் அவர்கள் ஏன் அறுவைக்கு வருகிறார்கள்? அதைச் சொல்லி என் எச்சிலை வீணாக்க விரும்பவில்லை. போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். திரும்பி வந்து அடுத்த எண்ணைப் போட்டேன். வெகுநேரம் மணி அடித்தது.

"இபு வாகியெம் வீடுங்களா?" என்றேன்.