மேனேஜரம்மா விற்ற சோப்பு

பள்ளியில் தொழில் பழகும் பாடத்துக்காகச் சோப்பு செய்து விற்ற குழுவுக்கு அவள்தான் தலைவி. வகுப்பே அவளை 'மேனேஜரம்மா' என்று கூப்பிட்டது. அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தபோதுதான் கீழ்வீட்டு அக்காவின் போன் வந்தது.

"உன் சோப்பைப் போட்டுத்தான் குளிப்பாட்டினேன். குழந்தைக்கு மூஞ்செல்லாம் செவந்து போச்சுடி! கண்ணையே திறக்க மாட்டேங்குது!"

சோப்பில் சேர்க்கும் காஸ்டிக் சோடா கொஞ்சம் கூடினாலும் தோலை எரித்துவிடும். அதை அளந்தவள் அவளே. அன்று தராசு மக்கர் செய்தது. பரவாயில்லை என்று கண்ணளவில் கொட்டியிருந்தாள்.

"நம்ம சோப்புதான்னு ஒத்துக்காதே. வேற எதையாவது பூசியிருப்பாங்க," என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

அப்படியே சொல்லிவிட அவளுக்கும் ஆசைதான். ஆனால் குழந்தை வீறிடுவது மாடிவரை கேட்டது. படியிறங்கி ஓடினாள்.

"அக்கா, தப்பு என்னுதுதான். சோடா ஜாஸ்தியாயிருச்சு. தண்ணிய விட்டு நல்லா கழுவுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

முகத்தைக் கழுவிய கையோடு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அவளும் கூடவே போனாள். டாக்டர் குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. தோல்தான் எரிஞ்சிருக்கு. களிம்பு போட்டா ஆறிடும்."

சுவரில் சாய்ந்து அழுதவளுக்கு, சட்டென்று மற்ற வீடுகளின் நினைவு வந்தது. சோப்பு வாங்கிய வீடுகளுக்கெல்லாம் ஓடினாள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், முகம் முழுக்க நுரையோடு கதவைத் திறந்தார்.

"ஐயா, கழுவுங்க! இப்பவே கழுவுங்க!" என்று அலறினாள்.

அவர் கழுவி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு மிச்ச சோப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.