காளியாயி கேட்டு வாங்கிய நிரை

பனியை உள்ளாடையாகவும் முகிலை மேலாடையாகவும் போர்த்துத் துயிலும் கொட்டகலை மலைகள், நாடு விடுதலை பெற்றுச் சில்லாண்டுகள் கழிந்த ஒரு வைகாசி ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கதிரவனை அரைமனத்தோடு வெளியே விட்டன. கற்றறிந்தோரே, அம்மலைகளின் மழை அளவறியாதது. குடைபிடித்துச் செல்லும் தவளைகளை அங்கே கண்டோர் உளர். அதனைப் பொய்யென்று மறுக்கச் சென்றோருள் நனையாமல் மீண்டவர் எவருமிலர்.

அத்தகைய மழையொன்று ஈராண்டுக்கு முன், லயம் என வழங்கும் நெடுவரிசைக் குடியிருப்பின் கடைக்கோடி அறையைத் தேடிவந்து, அதன் மேலைச் சுவரை முழுதாய்க் கரைத்துக் குடித்துச் சென்றது. அன்றுதொட்டுச் சாக்குத்துணியே சுவராக வாழ்ந்தாள் காளியாயி. சென்ற மாரியில் அவள் ஈன்ற ஆண்மகவு, அத்துணியூடே புகுந்த ஈரக்காற்றில் நடுங்கி, பெயர் சூட்டுமுன்னே அடங்கிற்று. இப்போது மீண்டும் அவள் நிறைசூலி. மேற்கே முகில் கறுத்துக்கொண்டிருந்தது.

இதனையறிந்த தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு ஆடவர், தோட்டத்தை ஆளும் துரையின் ஒப்புதல் பெற்று, கூலி கருதாது, கிடைத்தற்கரிய ஓய்வுநாளை ஈந்து, மண்வெட்டியும் கூடையுமாய் வந்திறங்கினர். அவர்தம் தலைவன் மூக்கன், தேயிலைச் செடி வெட்டுவதில் காற்றையும் முந்துபவன். அவன் வெட்டி முடித்த பின்னரே செடிக்கு வலிக்கத் தொடங்குமென்பர்.

தேயிலை மலையில் ஆளுக்கொரு செடிவரிசை, அதாவது நிரை, உண்டு. பிறர் நிரையில் கைவைப்பது களவினும் இழிவு. அவ்வழக்கிலேயே ஊறிய அப்பெருமக்கள், சுவரையும் நிரைநிரையாய்ப் பகுத்துக்கொண்டு, அண்டை நிரையைத் தீண்டாமல், ஒருவரையொருவர் முந்தி, குழைத்த மண்ணை மேன்மேலும் அடுக்கினர். காய்வதற்குச் சிறிது பொழுது வேண்டுமென மண் கெஞ்சியதாகவும் மூக்கன் மறுத்துவிட்டதாகவும் கேள்வி. உச்சிப்பொழுதில், கூரையைத் தொட்டு நின்றது சுவரன்று. கைநுழையும் சந்து விட்டு நின்ற மண்தூண்களின் அணிவகுப்பு!

காளியாயி அதனைக் கண்டாள். சந்துகளூடே மேற்கு முகிலையும் கண்டாள். வயிற்றைப் பற்றிக்கொண்டாள்.

"மூக்கண்ணே, ஒங்க நிரையெல்லாம் மானமாத்தான் நிக்குது. காத்து யாரு நிரையிலண்ணே வரும்?"

மூக்கன் தலையைச் சொறிந்தான். "அடுத்தவன் நிரையில மண்ணு வைக்கச் சொல்றியா தங்கச்சி? நாளைக்கு மலையில அவன் மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

"அப்ப இந்தச் சந்தெல்லாம் என் நிரை!" என்றவள், மண்ணுருண்டையொன்றை அள்ளி முதற்சந்தில் அறைந்தாள்.

"ஏ புள்ள, ஒக்காரு!" எனப் பதறினான் அவள் கணவன் சோலைமலை.

"என் நிரைய யாரு முடிப்பா? ஒங்க ஆத்தாளா?"

தன் நிரை முடித்தோர், பின்தங்கிய சூலியின் நிரையில் இறங்கிக் கைகொடாமல் வீடு திரும்புதல் அந்நாட்டில் இல்லை. மூக்கன் முன்னும் பின்னும் பார்த்தான், மண்ணை அள்ளினான். "டேய், தங்கச்சி நிரை பிந்துதுடா! எறங்குங்கடா!" அவ்வளவே. மலைப்பாம்பு முயலை வளைப்பதுபோல் இருபுறமும் வளைந்த ஆடவர், அவளை ஒரு சாக்கின்மேல் அமர்த்திவிட்டு, சந்துகளை அடைத்து, மேலும் கீழும் மெழுகினர். அதற்குள் இடி முழங்கிற்று.

மாலையில் வந்த மழை, பழகிய வழியைத் தேடிச் சுவரெங்கும் தட்டிப்பார்த்தது. இரவின் முற்பகுதியில் காளியாயி ஒரு பெண்மகவை ஈன்றாள். மகவின் முகத்தை அவள் முதலில் நோக்கினாளில்லை. அருகிருந்த ஈரமண் சுவரில் உள்ளங்கையை வைத்து, விரல்களை விரித்து, நெடும்பொழுது பார்த்திருந்தாள். காற்று வரவில்லை. அதன்பின்னரே மருத்துவச்சி கையினின்று மகவை வாங்கினாள்.

மூக்கன் நிரை எது, அவளது நிரை எதுவெனப் பிரித்துக் காட்ட அச்சுவரில் ஒரு கோடும் எஞ்சவில்லை. கட்டியோர் எவரும் கேட்கவுமில்லை. மறுநாள் விடியலில், நனைந்த கம்பளியைத் தலையிலிட்டு, அவரவர் நிரைக்கு மலையேறினர்.