இட்லித் தட்டில் பன்னிரண்டு பேரிங்

எங்கள் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அதுதான் பிரச்சினையே.

ஏதோ ஒரு தூதரகம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜெர்மன் எஸ்.யூ.வி. பெட்ரோல், ஆறு சிலிண்டர், மீட்டரில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர். ஸ்டார்ட் செய்தால், ஓடுகிறதா இல்லையா என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு அமைதி. அந்த இன்ஜினைத்தான் பிரிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"சத்தம் போடறதா?"

"இல்லப்பா."

"புகை?"

"இல்லப்பா."

"அப்பறம் என்னத்துக்குடி பிரிக்கணும்?"

"சத்தம் வந்துடுத்துன்னா லேட்டுப்பா! இன்ஜினே போயிடும்!"

ஆயில் ஃபில்டரை அறுத்து அவர் முன்னால் நீட்டினேன். மடிப்புகளுக்குள் ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுப்பு. பிஸ்டன் தண்டு, கிராங்க் என்கிற சுழல் தண்டைப் பிடித்துச் சுற்றும் இடத்தில் அரைவட்டமாக இரண்டு மெல்லிய தகடுகள் இருக்கும். அதுதான் பேரிங். மேலே சாம்பல் நிறப் பூச்சு, அடியில் செம்பு. பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த மினுமினுப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொன்னேன்.

அப்பா சேஷனுக்குத் தணிக்கை ஆபீசில் முப்பது வருஷ சர்வீஸ். ஸ்டோர் ரூமில் நாற்பது நாற்காலி என்று எழுதியிருந்தால், நாற்பதிலும் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

"அச்சா. பிரி," என்றார். "தேஞ்சிருந்தா வண்டி உன்னோடது. நன்னா இருந்ததுன்னா, ஓடற வண்டியைப் பிரிச்சவ கையில வண்டி இருக்கப்படாது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கரோல் பாக் டீலர் வந்து எடுத்துண்டு போவான்."

அன்று முழுக்க நான் தரையில் நடக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை முனிர்காவில் குணாவின் ஒர்க்‌ஷாப். குணா சேலத்துக்காரன். படிக்க வந்து, படிப்பை விட்டுவிட்டு, சந்துக்குள் ஒரே ஒரு லிஃப்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வண்டியைத் தூக்கி, ஆயில் தொட்டியைக் கழற்றினால், கிராங்க் பளபளவென்று தலைக்கு மேலே. நான் கத்தியே விட்டேன்.

"ஏ ஜ்யோத்ஸ்னா, கோயில் கோபுரமா பாக்குற? ஸ்பேனரைக் குடு," என்றான் குணா. "எந்தத் தகடு எந்த சிலிண்டரோடதுன்னு மாறிடக் கூடாது. வரிசையா வைக்க எதுனா இருக்கா?"

இருந்தது! வீட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்திருந்தேன். அம்மாவின் இட்லி ஸ்டாண்ட். மூன்று தட்டு, தட்டுக்கு நாலு குழி. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு தகடு. பன்னிரண்டு குழி! உலகத்திலேயே இவ்வளவு பொருத்தமான கருவி வேறு கிடையாது.

ஒவ்வொரு சிலிண்டராகப் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, புது போல்ட் முறுக்கி, சாயங்காலத்துக்குள் ஐந்து முடித்தோம். பத்துத் தகடும் குழிகளில். மேல்பாதித் தகடுகள் ஐந்திலும் நடுவில் செம்பு தெரிந்தது. நானும் குணாவும் கை கோத்துக்கொண்டு குதித்தோம். சொந்த இன்ஜின் தேய்ந்து போயிருக்கிறது என்று ஆடியவர்கள் தில்லியில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

ஆறாவது சிலிண்டரை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று விட்டுவிட்டு, ஸ்டாண்டை அப்படியே சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தேன். அப்பா ஏதோ ரிசப்ஷனுக்குப் போயிருந்தார். காலையில் காட்டலாம் என்று சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இட்லி.

எழுந்து வந்தால் குக்கரில் ஆவி. மேடையில் ஒரு தாம்பாளத்தில் பத்துத் தகடும் கவிழ்ந்து கிடக்கின்றன. தங்கம் மாதிரி ஜொலிக்கின்றன.

"அம்மா!!!"

"என்னடி அலர்றே? ஸ்டாண்டெல்லாம் கறுப்பு எண்ணெய். அதுல இருந்த மூடியெல்லாம் கூட அழுக்கா இருந்துது. புளி போட்டு, கம்பி நாரால நன்னா தேச்சு வச்சிருக்கேன்," என்றாள் அம்மா கோமளா, பெருமையாக. "ஸ்டாண்டை வெந்நீர்ல மூணு தரம் அலம்பினேன், தெரியுமா?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தகட்டை வெளிச்சத்தில் திருப்பினார்.

"செம்பு தெரியறது."

"பாத்தேளா!"

"உங்கம்மா தேச்சா எதுல செம்பு தெரியாது? இதை நான் ஒத்துக்க முடியாது."

"அப்பா, குணாவைக் கேளுங்கோ, நேத்திக்கே..."

"அவன் உன் கட்சி. இன்னும் பிரிக்காதது இருக்கோ?"

இருந்தது. ஆறாவது. ஒன்றே ஒன்று! என் வண்டி மொத்தமும் இப்போது அந்த ஒரு சிலிண்டரில் தொங்கியது.

"சட்டையை மாத்திண்டு வரேன்," என்றார் அப்பா. "நேர்ல பாத்துடறேன்."

அம்மாவும் டப்பாவில் இட்லியை அடைத்துக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவில் மூன்று பேர், மடியில் சாம்பார்.

அப்பாவைப் பார்த்ததும் குணா பீடியை மறைத்து, "வாங்க சார், உக்காருங்க," என்றான்.

"உக்கார வரலை. எங்கே அது?" என்று கேட்டு, அப்பா லிஃப்டுக்கு அடியில் போய் நின்று அண்ணாந்தார். வழுக்கையில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தது. துடைக்கக் கூட இல்லை.

குணா போல்டைத் தளர்த்தினான். கீழ்மூடி கையோடு வந்தது. அதிலிருந்த தகட்டை அப்பா இரண்டு விரலால் எடுத்தார்.

முழுக்கச் சாம்பல். ஒரு கீறல் கூட இல்லை.

"நன்னாத்தானே இருக்கு?" என்றார்.

நான் குறுக்கே பாய்ந்தேன். "அது கீழ்ப்பாதிப்பா. அடி எல்லாம் மேல்பாதிதான் வாங்கும்..."

"சால்ஜாப்பு."

"நிஜமா சார்," என்றான் குணா. "பெட்ரோல் வெடிக்கிறப்ப தண்டு கீழ அமுக்கும்ல? அப்ப மேல்தகடுதான் மாட்டும். நீங்களே எடுங்க சார், நான் தொடல."

தண்டை மெல்ல மேலே தள்ளினோம். அப்பா சுண்டுவிரல் நகத்தால் தகட்டின் ஓரத்தை நெம்பினார். அது வரவில்லை. மறுபடி நெம்பினார். சட்டென்று நழுவி அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அப்பா வேட்டி முனையால் அதை ஒற்றினார். நடுவில் நாக்கு வடிவத்தில் செம்பு. ஒரு ஓரத்தில் பூச்சு செதிலாக உரிந்து, அவர் தொட்டதும் உதிர்ந்தது.

"அடிப்பாவி," என்றார் மெதுவாக. பிறகு சத்தமாக, "அடிப்பாவி! இதோடயா நேத்து முந்தாநாள் வரைக்கும் நூத்திப் பத்துல ஓட்டினே?"

"அதைத்தானேப்பா சொல்லிண்டே இருந்தேன்!"

நான் குணாவைக் கட்டிக்கொண்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு, லிஃப்டின் தூணையும் கட்டிக்கொண்டேன். அம்மா ஒன்றும் புரியாமலே என்னோடு சேர்ந்து சிரித்தாள். அப்பா போனை எடுத்து டீலரிடம், "நஹி பையா, காடி நஹி பேச்னி," வண்டி விற்கிறதாக இல்லை என்று, ஒரே வரியில் முடித்தார். கடைசி போல்டைத் தானே முறுக்குவேன் என்று அடம்பிடித்தார். சரியான இறுக்கம் வந்து டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் குழந்தை மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். ஆயில் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு விநாடி. அணைந்தது. இன்ஜின் அதே அமைதியில் ஓடியது.

குணா ஏழாவது இட்லியில் இருந்தபோது அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, மெயின் பேரிங்னு வேற ஒண்ணு இருக்காமே? அது எத்தனை தகடு?"

"பதினாலு சார்."

அம்மா இட்லி டப்பாவை டக்கென்று மூடினாள். "ஸ்டாண்டு தர மாட்டேன்!"