பெண்களுக்கு ஒதுக்கிய பகுதி

வாசிப்புப் பட்டியலைச் சபைச் செயலர் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். ஒரே வாரத்தில் வேதாகமம் முழுவதையும் பிரசங்க மேடையிலிருந்து வாசித்து முடிப்பதாகத் திட்டம். எங்கள் சபையில் எந்தப் பெண்ணும் அந்த மேடையில் ஏறியதில்லை. இந்த முறை பெண்கள் மல்லுக்கு நின்றதால் செயலர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வம்ச வரிசை, குடிக்கணக்கு, கூடாரத்தின் அளவுகள், வாழ்த்துச் சொல்லும் பெயர்கள் எல்லாம் பெண்களுக்கு, மற்றதெல்லாம் ஆண்களுக்கு. பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல்.

"அப்ப நாங்க படிக்கறது வேதம் இல்லையா?" என்று கேட்டாள்.

"எல்லாமே வேதந்தாம்மா. ஆனா வெறும் பேர்ல என்ன உபதேசம் இருக்கு? அதான் பிரச்சனை இல்லாததாப் பாத்துக் குடுத்தேன்."

அவளுக்கு விழுந்தது ஒரு நிருபத்தின், அதாவது அந்தக் காலச் சபைக்கு எழுதிய கடிதத்தின், கடைசி அதிகாரம். இன்னாருக்கு வாழ்த்து, அன்னாருக்கு வாழ்த்து. வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள். அவள் கத்தினால் சமாளித்துவிடுவேன், இப்படி வேகமாக நடந்தால்தான் ஆபத்து. மருத்துவமனையில் வெளிநோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. இருபது வருடமாகிறது.

"ஒரு பேர விட்டுட்டா ஒரு ஆள் சாயங்காலம் வரைக்கும் வலியோட உக்காந்திருப்பாங்க. வெறும் பேராம்!" என்றாள், செருப்பைக் கழற்றியபடி.

அந்த மேடைக்காக அவள் எத்தனை வருடம் ஏங்கினாள் என்று எனக்குத் தெரியும். இதில் தடுமாறினால் இனி எந்தப் பெண்ணையும் ஏற்றமாட்டார்கள் என்பதும் தெரியும். அவள் முறை வந்த காலையில் அவளைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது.

அவளுக்கு முன்னால் வாசித்தவர் பாதிச் சபையைத் தூங்கவைத்திருந்தார். இவள் ஏறினாள். முதல் பெயர் ஒரு பெண்ணுடையது, ஒரு சபையின் ஊழியக்காரி. மருத்துவமனையில் கூப்பிடுவதுபோலவே அதைக் கூப்பிட்டாள். நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். ஆள் எழுந்து வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் திரும்பி வாசலைப் பார்த்தார்கள்! அடுத்த பெயர். அதற்கடுத்தது. பாடுபட்டு உழைத்தவள், சிறையில் கிடந்தவள், பெயர்கூட எழுதப்படாமல் இன்னாருடைய அம்மா என்று மட்டும் வந்தவள். நான் விரல்விட்டு எண்ணினேன், பத்துப் பெண்கள். தூங்கியவன் ஒருவனுமில்லை. அவள் முடித்தபோது எழுந்த ஆமென்னில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூச்சமில்லாமல் அழுதேன்.

ஆனால் அவள் இறங்கவில்லை. அடுத்த நிருபத்தை வாசிக்கும் முறை செயலருடையது. அவர் படியில் ஒரு காலை வைத்தபடி தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஒலிவாங்கி அதைச் சபைக்கே கேட்கவைத்தது.

"அம்மா, இறங்குங்க. பெண்கள் சபையில பேசக்கூடாதுங்கற வசனம் அடுத்த நிருபத்துலதான் வருது."

"தெரியும்யா. பேரெல்லாம் வேதம்னா அதுவும் வேதந்தான். ஒரு எழுத்து விடாம அதையும் நானே படிக்கிறேன்."

முன்வரிசையில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். செயலர் அவர்களைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். படியில் வைத்த காலை மெல்லக் கீழே இறக்கினார். என் மனைவி விரலை நாவில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.