பணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவன்

நோங்கயாங் ஊரில் பெண்ணுக்குப் பரிசம் கேட்பதில் ஒரு வரிசை உண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு ஐம்பதாயிரம் பாட். பன்னிரண்டு முடித்தவளுக்கு எண்பதாயிரம். பட்டம் வாங்கியவளுக்கு மூன்று லட்சம். அரசு வேலை நிரந்தரமானால் ஐந்து. அதற்கும் மேலே படித்துவிட்டால் தாயார் வாயில் என்ன வருகிறதோ அதுதான் விலை. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் ஊர் நாய்களுக்குக்கூட அத்துப்படி. பட்டதாரிப் பெண் தெருவில் வந்தால் அவை ஒரு சுருதி குறைத்துத்தான் குரைக்கும்.

கம்பானுக்கு மட்டும் இந்தக் கணக்கு கடைசிவரை பிடிபடவில்லை.

சுனிசா பன்னிரண்டு முடித்த வருடம் அவன் போய்ப் பெண் கேட்டான். அவளுக்கும் இஷ்டம்தான். அவளுடைய அம்மா புவாலை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "எண்பதாயிரம். ஒரு தங்கச் சங்கிலி. சாதாரணமாக் கேக்கறதுதான், உன்கிட்ட ஒண்ணும் ஏத்திச் சொல்லல."

கம்பானிடம் இருந்தது ஓர் எருமை. அதற்கும் ஒரு கண் தெரியாது.

எருமையை விற்றுக் கொரியாவுக்குச் சுற்றுலாப் போனான். அரண்மனை பார்க்க வண்டி நின்ற இடத்தில், கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனவன், பதினோரு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தான். இடையில் பன்றிப் பண்ணை, முட்டைக்கோஸ் தோட்டம், மறுபடி பன்றிப் பண்ணை. அங்கே அனுமதி இல்லாமல் இப்படி ஒளிந்திருக்கும் எங்கள் ஆட்களுக்குச் சின்னப் பேய் என்று பெயர். அதிகாரி வந்தால் மறைந்துவிட வேண்டும். ஒருமுறை மறைய நேரமில்லாமல் கம்பான் பன்றிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டான். அதிகாரி எண்ணிப் பார்த்தார். ஏட்டில் உள்ளதைவிட ஒரு பன்றி கூடுதலாக இருந்தது. முதலாளி அதற்கும் சேர்த்து வரி கட்டி, அந்தத் தொகையைக் கம்பானின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டான்.

எண்பதாயிரம் ஏழே மாதத்தில் சேர்ந்துவிட்டது. போன் போட்டான்.

"அம்மா, பணம் ரெடி. கெளம்பி வந்துரட்டா?"

"வா மவனே, உன் வீடு. ஆனா புள்ள நர்சுக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. எப்படியும் உனக்கு வரப்போறவதானே? நீயே படிக்க வெச்சுடேன்."

அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது. படிக்க வைத்தான். அவள் பட்டம் வாங்கினாள். விலை மூன்று லட்சம் ஆயிற்று. மூன்று லட்சம் சேர்த்தான். அதற்குள் நிரந்தர வேலைக்கான தேர்வு வந்தது, பயிற்சி வகுப்புக்குப் பணம் அனுப்பினான். தேறினாள். ஐந்து லட்சம். பிறகு கோன்கேன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு. அதற்கும் அனுப்பினான். பத்து லட்சம். தன் காசில் ஏணி செய்து, அதில் ஏறிப் பழத்தை இன்னும் உயரத்தில் கட்டிவிட்டு, இறங்கி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க இல்லேன்னா நான் ஏது?" என்று சுனிசா எப்போதாவது போனில் சொல்வாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு அவன் இரண்டு மாதம் ஓட்டுவான். எங்கள் பக்கம் காதலனையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நாளைக்கே முறிந்துபோனாலும் கூப்பிடும் முறையை மாற்றும் சிரமம் இல்லை.

பத்து லட்சம் சேர்ந்தது. இந்தத் தடவை போன் போட்டால் முனைவர் பட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவாளோ என்று பயந்து, சொல்லாமலே ஊர் வந்தான். பணத்தை வங்கியிலிருந்து எடுத்து, தோள்பையில் போட்டுக்கொண்டு நேராகச் சுனிசா வீட்டுக்குப் போனான். வாசலில் பந்தல்காரன் அளவு எடுத்துக்கொண்டிருந்தான். சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தது. நான் வருவது தெரியாமலே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்களே என்று கம்பானுக்குக் கண் கலங்கிவிட்டது.

புவாலைக்கு அவனைக் கண்டதும் முகம் போன போக்கு சொல்லி முடியாது. உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினாள்.

"மவனே, மனச விட்டுராத. துணை வட்டாட்சியர். தனவத்னு பேரு. அவங்களா வந்து கேட்டாங்க. புள்ள இப்போ ரெண்டு பட்டம் வாங்கினவ. உன்கூட நின்னா... நான் சொல்லல, ஊரு என்ன சொல்லும்? நீ எட்டாவது."

"ஒன்பதாவதும்மா."

"பாத்தியா, எனக்கு அதுகூட ஞாபகம் இல்ல."

"சுனிசா என்ன சொல்லுச்சு?"

"அழுதா. ரெண்டு நாள் நல்லாவே அழுதா. மூணாம் நாள் கல்யாணப் பட்டு எடுக்கப் போனோம்."

அவன் எழுந்தான். அப்போதுதான் புவாலை பையைப் பார்த்தாள்.

"அதுல என்ன?"

"பத்து லட்சம்."

"நோட்டாவா?"

நோட்டாகத்தான் என்றான். புவாலை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். பெரிய இடத்தில் நிலம் இருக்கும், கட்டடம் இருக்கும், வங்கியில் முடக்கிய தொகை இருக்கும். கையில் நோட்டு மட்டும் இருக்காது. பத்து லட்சத்துக்குச் செக் தருகிறோம், எப்படியும் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெரிய இடத்துப் பரிசத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் கௌரவம். கம்பான் மாதிரி ஆட்கள் கொடுத்தால்தான் அது கூரைக்கும் கடனுக்கும் போகும்.

"செக்க எப்படிடா சுமக்கறது?" என்றாள் புவாலை. குரல் உடைந்துவிட்டது.

அதுதான் சிக்கல். பரிசப் பணத்தைச் சபையில் எண்ணி முடித்ததும், பெண்ணைப் பெற்றவள் அதைப் பட்டுத்துணியில் மூட்டை கட்டி முதுகில் போட்டுக்கொண்டு, ஐயோ என்ன கனம், என்ன கனம் என்று தள்ளாடித் தள்ளாடி உள்ளே போக வேண்டும். கனம் காட்டாவிட்டால் பணம் தங்காது. எங்கள் ஊரில் இதை உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். மேலத்தெருவில் ஒருத்தி இருபதாயிரத்தைச் சுமந்து நடித்ததில் இடுப்பு நிஜமாகவே பிசகி, வந்த இருபதாயிரமும் வைத்தியத்துக்கே போயிற்று. அப்பேர்ப்பட்ட சபையில் ஒற்றைக் காகிதத்தை முதுகில் போட்டுக்கொண்டு தள்ளாடினால் சிரிக்க மாட்டார்களா?

"வாடகைக்குப் பணம் தர்ற கடையில கேட்டேன். அரை நாளைக்கு மூணு சதவீதமாம். காவலுக்கு ரெண்டு தடியனுங்க வேற வருவானுங்களாம். நீ எனக்கு மவன் மாதிரி. அரை நாள்தான்."

முடியாது என்று சொல்லத்தான் கம்பான் வாயைத் திறந்தான். ஆனால் பதினோரு வருடமாக அந்தப் பணத்தை அந்த வீட்டுத் தட்டில் வைக்க வேண்டும் என்று இருந்தவன். தட்டு அதுதான், பணம் அதுதான், பெண்ணும் அவள்தான். ஒரே ஓர் ஆள்தான் மாறியிருந்தது.

"நானே பக்கத்துல உக்காந்துக்கறேன்," என்றான்.

கல்யாணத்தன்று மேளத்தோடு ஆடிக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. பணத்தை விசிறி மாதிரி மடித்துத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். கம்பான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தட்டுக்குப் பக்கத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருந்தான். ஒரு கிழவர் குனிந்து கேட்டார்:

"தம்பி எந்தப் பக்கம்? பொண்ணு பக்கமா, மாப்பிள பக்கமா?"

"பணத்தோட பக்கம் தாத்தா."

பெரியவர்கள் எண்ணினார்கள். சரியாகப் பத்து லட்சம். பெருகட்டும், முளைக்கட்டும் என்று எள்ளும் நெல்லும் பயறும் அதன்மேல் தூவினார்கள். எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை என்று சபையே தனவத்தைப் பார்த்து மெச்சிக்கொண்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்தல் சரிந்துவிடும். வார்த்தை கம்பானின் தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்துச் சுனிசா தலையைத் தூக்கினாள். பொன் நிறப் பட்டில், கொண்டையில் மல்லிகையோடு அவள் அவனைப் பார்த்த பார்வையில் காதலும் இல்லை, வருத்தமும் இல்லை. பயம்தான் இருந்தது. பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறான், அவள் அவனைக் கண்டு பயப்படுகிறாள். கம்பான் தொண்டையில் இருந்ததை விழுங்கிவிட்டான்.

புவாலை மூட்டையைத் தூக்கினாள். ஆயிரம் பாட் நோட்டில் பத்து லட்சம் என்பது ஒரு கிலோவும் கொஞ்சமும்தான். கொரியாவில் அவன் அறுத்த முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் அதைவிட இரண்டு மடங்கு. புவாலை அன்று ஆடிய ஆட்டத்தை ஊர் இன்றும் பேசுகிறது. மூன்று தடவை முழங்கால் மடங்கியது. நான்கு பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு நடுத்தூண் அசைந்ததைக் கண்ணால் பார்த்ததாகப் பந்தல்காரன் கோயிலில் சத்தியம் செய்தான்.

கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போது தனவத் கம்பானிடம் வந்தான். நல்ல மனிதன், பணிவானவன்.

"வாடகைக் கடை ஆளா அண்ணே? காலையிலேர்ந்து அசையாம உக்காந்திருக்கீங்க," என்று இருநூறு பாட்டை அவன் கையில் அழுத்தினான். "காபி குடிங்க."

பிறகு மணிக்கட்டில் நூல் கட்டி வாழ்த்தும் நேரம். வரிசையில் வந்தவர்கள் நூலோடு ஒரு நோட்டையும் சேர்த்துக் கட்டினார்கள். கம்பான் அந்த இருநூறை மடித்துச் சுனிசாவின் கையில் வைத்துக் கட்டினான்.

"அண்ணே, அந்தப் பணம் யாரோடதுன்னு எனக்குத் தெரியும்," என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள்.

"எது? தட்டுல இருந்ததா, நீ படிச்சதா?"

அவள் அழுதாள். மணப்பெண் அழுதால் மழை பெய்யும் என்று பக்கத்தில் இருந்தவள் சந்தோஷப்பட்டாள்.

சாயங்காலம் புவாலை சமையற்கட்டின் பின்னால் அவனைக் கூப்பிட்டுப் பையைக் கொடுத்தாள். நோட்டுக்கு நோட்டு எள் ஒட்டியிருந்தது.

"எண்ணிக்கோ மவனே."

"எதுக்கும்மா? முளைச்சிருக்கான்னு பாக்கவா?"

அவள் பையில் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிவிட்டாள். பிறகு அவன் தோளைத் தடவினாள்.

"என் தங்கச்சி மவ ஒருத்தி இருக்கா. மாலின்னு பேரு, இருபத்தெட்டு வயசு. கொராத்துல செருப்புக் கம்பெனில இருக்கா. உன்ன மாதிரி ஒன்பதாவதுதான். ஐம்பதாயிரத்துக்கு மேல ஒரு காசு கேக்க விட மாட்டேன், நான் பொறுப்பு. ஞாயித்துக்கிழம பள்ளிக்கூடத்துல சேந்து பன்னெண்டு எழுதியிருக்கா."

"எப்படிப் படிக்குது?"

"முதல் மார்க்குடா! மேல படிக்க வைங்கன்னு வாத்தியாரே வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போறாரு. பணம்தான்..."

கம்பான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நல்லாப் படிக்கட்டும்மா," என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அவன் எந்த அர்த்தத்தில் சொன்னானோ, புவாலை சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கல்லூரிக் கட்டணச் சீட்டைப் படம் பிடித்து அவன் போனுக்கு அனுப்பியிருந்தாள்.