துப்பாக்கிக்கு நல்ல நாள்

அந்தச் சனிக்கிழமையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. குசினிச் சுவரில் தொங்கும் கோயில் கலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். அட்டமி இல்லை, நவமி இல்லை, கரிநாள் இல்லை. இராகுகாலம்கூடக் காலையிலேயே வந்து போய்விடும். நாங்கள் போகவேண்டியது பதினொரு மணிக்கு. போதாக்குறைக்குச் சுபமுகூர்த்தம் என்று சிவப்பில் வேறு போட்டிருந்தார்கள். யாரோ ஒரு பிள்ளைக்குத் தாலி ஏறட்டும் என்று அவர்கள் குறித்த நாளில் என்னுடைய மனுசன் துப்பாக்கி பழக இடம் பார்க்கப் போகிறார். கலண்டர் அடித்தவனை மனதுக்குள் நன்றாகத் திட்டிவிட்டு இடியப்பம் அவிக்கப் போனேன்.

இவருக்கு, அதாவது உமாசுதனுக்கு, மெல்போர்னில், டண்டினொங் பக்கம் ஒரு பெரிய வெயார்ஹவுசில் இரவுக் காவல் வேலை. எங்கள் மகள் நிரூபா நடக்கப் பழகிய காலத்தில் தொடங்கியது. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. ஊர் படுக்கும்போது இவர் வெளிக்கிடுவார், ஊர் எழும்பும்போது இவர் படுப்பார். பகலில் எங்கள் வீட்டில் சத்தம் என்பதே கிடையாது. மிக்ஸி போடக்கூடாது, கதிரை இழுக்கக்கூடாது. இந்தியக் கடையில் ஆசையாக வாங்கிய குக்கர் ஒருநாளும் முழுதாக விசில் அடித்ததில்லை. அது சீறத் தொடங்கும்போதே பாய்ந்து போய் அடுப்பை நிற்பாட்டிவிடுவேன். நிரூபா கதைக்கப் பழகியதே குசுகுசுப்பில்தான். பிள்ளை வகுப்பில் வாய்க்குள்ளேயே கதைக்கிறாள், ஏதும் பயமோ என்று ரீச்சர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டா. பயமில்லை ரீச்சர், தகப்பன் நித்திரை என்பதை எப்படி இங்கிலீசில் விளங்கப்படுத்துவது?

போன குளிருக்கு நிரூபாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு பின்னேரம், இவர் நித்திரை கொள்ளும் நேரத்தில், கச்சேரி வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் தாயும் தகப்பனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் என் கைப்பை இருந்தது. வீட்டுக்கு வந்தபோது இவர் வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, வெடித்து அழுதுவிட்டேன்.

"ஒரு ராவெண்டாலும் மற்ற ஆக்களைப்போல வீட்டில இருங்கோவன்!"

இவர் நிமிரவில்லை. "ஓமப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொட்டினதை அள்ளலாமோ? அன்று நான் கொட்டியதுதான் பிறகு இவ்வளவுக்கும் வினையாகப் போனது.

ஏனென்றால் கொஞ்ச நாளில் இவருடைய சுப்பர்வைசர் பிரதீப்குமார் போன் எடுத்தார். கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் நல்ல செய்தி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டே தலையில் கல்லைப் போடுகிறவர். காசு ஏற்றிப்போகும் வானுக்குத் துணையாகப் போக ஆள் தேவையாம்.

"பகல் ஷிஃப்ட்டுங்க உமா. காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். கன் வச்சுக்கறதுக்கு ஒரு கோர்ஸ் மட்டும் முடிக்கணும். மாசக் கடைசிக்குள்ள சேந்துட்டீங்கன்னா மத்தத நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். நானும் இவரைப் பார்த்தேன். "நல்லதுதானேயப்பா" என்றார். "ஓம், நல்லதுதானே" என்றேன் நான். இரண்டு பேரும் நல்லாய்த்தான் நடித்திருக்கிறோம்.

எனக்கு அந்தத் துப்பாக்கிக் கதை அன்றைக்கே பிடிக்கவில்லை. நான் கிளிநொச்சி, இவர் விசுவமடு. எங்கள் இருவருக்கும் துப்பாக்கியின் வாய்ப்பக்கம் மட்டும்தான் பழக்கம். பங்கருக்குள் கிடந்து, பிறகு வள்ளத்தில் ஏறி, இங்கே வந்துதான் ஒருவரையொருவர் கண்டு கலியாணம் கட்டினோம். வந்த புதிதில் இந்த நாட்டில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை, சோறுகூட வேறுமாதிரி இருந்தது. ஒன்றே ஒன்றுக்காக மட்டும் மெச்சினேன்: பொலிசை விட்டால் தெருவில் போகிற ஒருவன் இடுப்பிலும் அந்தச் சாமான் இல்லை. இப்போது அது என் மனுசனின் இடுப்பில் ஏறப்போகிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இரவில் வீட்டில் இருங்கோ என்று அழுதவள் நான்தானே.

இனிக் கோர்ஸ் தெரிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளை பார்ப்பதுகூட அவ்வளவு கஷ்டமில்லை. டண்டினொங்கில் ஒன்று, வெரிபீப் பக்கம் ஒன்று. இரண்டு இடத்திலும் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டுச் சேரலாம். நிரூபா கொம்பியூட்டரைத் திறந்து ஆட்கள் எழுதிய அபிப்பிராயங்களை வாசித்தாள்.

"அப்பா, திஸ் வன் ஹாஸ் ஃபோர் பாயிண்ட் செவன் ஸ்டார்ஸ். ஃப்ரெண்ட்லி ஸ்டாஃப், ஃப்ரீ பிஸ்கட்ஸ்."

"பிஸ்கட் தருவினமாமோ? அப்ப சேரலாம்" என்று நான் சொன்னதில் இருந்த நக்கல் அவளுக்கு விளங்கவில்லை.

வெரிபீயில் இருக்கும் வரதராஜா அங்கிளுக்கு எப்படியோ விசயம் மணந்துவிட்டது. கோயில் சமையலுக்குப் பொறுப்பானவர், ஆனால் அவரிடம் எதைப்பற்றியும் விளக்கம் கேட்கலாம், கேட்காவிட்டாலும் வரும். "இஞ்சால வாரும் தம்பி. இஞ்ச திறந்த வெளி, சத்தம் காத்தோட போயிடும். அங்க மூடின கட்டடம், காது அடைச்சுப்போம்" என்று இவருக்குச் சொன்னார். பிறகு என்னைத் தேற்றினார். "வீட்டுக்குக் கொண்டுவாறேல்லைப் பிள்ளை. கொம்பனியிலயே பூட்டி வைப்பினம்."

"வீட்டுக்கு வராட்டில் என்ன அங்கிள்? இவரிட்ட அது இருக்குதெண்டு தெரிஞ்சால் கொள்ளை அடிக்க வாறவன் வெறுங்கையோட வருவானோ?" என்றேன். அங்கிள் உடனே கோயில் சமையலுக்குக் கதையை மாற்றினார்.

வெரிபீ தூரம் என்பதால் டண்டினொங் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் நான் கலண்டரைப் பிடித்தேன். வேறு என்ன ஆயுதம் என் கையில் இருக்கிறது? முதல் சனிக்கிழமை அட்டமி. "அட்டமியில தொடங்கின காரியம் உருப்படாது" என்றேன். அடுத்த சனிக்கிழமையில் ஒன்றுமில்லை, ஆனால் "கரிநாள்" என்று துணிந்து ஒரு பொய்யை விட்டேன். அதற்கடுத்தது இவருக்குச் சந்திராட்டமம். இவர் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. இந்த வீட்டுக்கு மாறி வந்ததே நல்ல இராகுகாலத்தில், நான் கத்தக் கத்த. அப்படிப்பட்ட மனுசன் ஒவ்வொரு தரமும் "சரியப்பா, நீர் சொன்னால் சரி" என்று சும்மா இருந்துவிட்டார். எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அந்த வாரங்களில் இவர் பகலில் படுத்தாரே தவிர நித்திரை கொள்ளவில்லை. கதவு நீக்கலால் பார்த்தால் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். புது வேலையின் ஆசை என்று நினைத்தேன். விசரி நான்.

இப்படித்தான் மாதக் கடைசியும் வந்தது, அந்தப் பிழையில்லாத சனிக்கிழமையும் வந்தது. வேலையால் வந்த கையோடு இவர் கலண்டருக்குக் கிட்டப் போய் நின்றார்.

"இண்டைக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. நல்ல நாள்."

"ம்" என்று முகம் கழுவப் போனார்.

நிரூபாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு இரண்டு பேரும் போனோம். கார் ரயர்க் கடைகளுக்குப் பின்னால் ஒரு நீளக் கட்டடம். உள்ளே கதிரைகள், நடுவில் பெரிய மரமேசை, அதில் தேத்தண்ணீர்ச் சாமான்களும் ஒரு தட்டு நிறையப் பிஸ்கட்டும். நிரூபா வாசித்தது பொய்யில்லை. எங்களோடு ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள்: கழுத்துவரை பச்சை குத்திய ஒரு பொடியன், சூயிங்கம் சப்பிக்கொண்டு ஒரு பெண், மடிப்புக் குலையாத சேட்டோடு தாடிக்காரர் ஒருவர். பயிற்சி நடத்தும் கிரெக் என்கிற நரைத்த மனிதர் எல்லாருக்கும் கை தந்தார். இவர் எவ்வளவு மரியாதையாகக் கதிரை நுனியில் இருந்தார் என்றால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி எனக்குப் பாவமாக இருந்தது.

உள்பக்கத்தில் சுடும் அறை. இடையில் இரண்டு தடித்த கதவுகள். யாரோ ஒன்றைத் திறந்து மற்றதைச் சாத்த முதல், உள்ளே ஒருவர் சுட்டார்.

என்ன நடந்தது என்று எனக்கு ஒழுங்காகத் தெரியாது. தெரிய வந்தபோது நான் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். காதுக்குள் விரல், வாய் ஆவென்று திறந்தபடி. செல் விழும்போது வாயைத் திறந்து வைக்கவேண்டும் என்று அம்மா பங்கருக்குள் சொல்லித் தந்தது, இத்தனை வருசத்துக்குப் பிறகு மெல்போர்னில் ஒரு பிஸ்கட் தட்டுக்குக் கீழே ஞாபகமாக வேலை செய்கிறது. என் முதுகில் யாருடையதோ பாதி உடம்பு பாரமாக அழுத்தியது. இவர்தான். தேத்தண்ணீர் மேசை விளிம்பால் சொட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இருந்த கதிரைகளிலேயே இருந்து எங்களைக் குனிந்து பார்த்தார்கள்.

எல்லாரும் இல்லை. மேசைக்குக் கீழே எங்களுக்கு நேரெதிராக அந்தத் தாடிக்காரரும் கிடந்தார். கையில் பாதி கடித்த பிஸ்கட்டைக் கவனமாகப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"ஆப்கானிஸ்தான்" என்றார் அவர்.

"ஸ்ரீலங்கா" என்றார் இவர்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மேசையின் அடிப்பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். "ஸ்ட்ராங் டேபிள்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார், என் முதுகு குலுங்கியது. அந்த மனிதரும் தாடி ஆடச் சிரித்தார். கிரெக் ஓடிவந்து குனிந்து பார்த்துவிட்டு, எங்களை எழும்பச் சொல்லாமல் தானும் நிலத்தில் சம்மணமாக இருந்தார். "டேக் யுவர் டைம், மேட்" என்றார். அந்த மனிதர் நல்லாயிருக்க வேண்டும்.

சிரித்துக்கொண்டிருந்த இவர் என் காதுக்குள் சொன்னார். "எனக்கு இது வேண்டாமப்பா."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"நீர்தானே அண்டைக்கு அழுதனீர்."

"நான் உங்களை வீட்டில இருக்கச் சொன்னனான். உதைத் தூக்கிக்கொண்டு திரியச் சொன்னனானோ?"

சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணால் நீர் ஓடியது. ஆனால் நெஞ்சுக்குள் கிடந்த பாறாங்கல் போய்விட்டது. கிரெக்கிடம் மன்னிப்புக் கேட்டு, மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். தாடிக்காரர் பின்னால் வந்து காரடியில் இவருக்குக் கை தந்தார், எனக்குத் தன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். சேருவாரா இல்லையா என்று நாங்கள் கேட்கவில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. வாசலில் காரை நிறுத்திவிட்டு இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"அட்டமி எண்டு நீர் சொன்ன அண்டைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே?"

"நீங்கள் இதெல்லாம் நம்பாத ஆளெல்லே?"

"இந்த மாசம் நம்பினனான்" என்றார். பிறகு கடைக்கண்ணால் பார்த்தார். "அந்தக் கரிநாள் பொய்தானே?"

எனக்கு முகம் சுட்டது. "எப்பிடித் தெரியும்?"

"நீர் குளிக்கப் போன நேரம் நான் போய்க் கலண்டரைப் பாத்தனான். ஒண்டையும் காணேல்லை. வாயை மூடிக்கொண்டு வந்திட்டன்."

நான் இவருடைய தோளில் ஓங்கி ஒரு அடி போட்டேன். இவர் பிரதீப்குமாருக்கு போன் எடுத்து, எனக்கும் கேட்கச் சத்தமாய்ப் போட்டு, தன்னால் இயலாது என்று சொன்னார். ஏன் என்று கேட்டபோது, மேசைக்குக் கீழே கிடந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

"சரி விடுங்க உமா. உடம்பும் மனசும்தான் முக்கியம். பகல்ல வேற ஏதாச்சும் வந்தா மொதல்ல உங்களுக்குத்தான்."

அது எல்லாச் சுப்பர்வைசர்மாரும் பாடும் தேவாரம். அதை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. நானும் நல்லபிள்ளைக்கு நடிக்காமல் சொல்லிவிட்டேன். "எனக்கு நீங்கள் ராவில வீட்டில வேணும். அதை நான் திருப்பி எடுக்கேல்லை."

"ஓம். தேடுறன். இடுப்பில ஒண்டும் இல்லாத வேலையாத் தேடுறன்" என்றார். அதற்குள் நிரூபா புத்தகப்பையை இழுத்துக்கொண்டு வந்து ஏறினாள். "டிட் தே கிவ் யூ பிஸ்கட்ஸ்?" என்று குசுகுசுத்தாள்.

வரும் வழியில் ஆட்டிறைச்சி வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் இவர் சேட்டைக்கூட மாற்றாமல் போய்ப் படுத்தார். நான் இறைச்சியைக் குக்கரில் ஏற்றிவிட்டு, மேசைக்குக் கீழே நடந்த கதையை நிரூபாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். தாடிக்காரர் மேசையைத் தட்டிய இடத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு அடுப்பு மறந்தே போனது.

குக்கர் விசில் அடித்தது. வாங்கிய நாளிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, வீடு அதிர அடித்தது. நிரூபா கதிரையில் அப்படியே உறைந்து போனாள். நான் அடுப்புக்கு ஓடாமல் எதற்கோ அறைப்பக்கம் ஓடினேன். அவளும் பின்னால் வந்தாள்.

இவர் அசையவில்லை. மல்லாந்து கிடந்தார், ஒரு கை நான் படுக்கிற பக்கத்தில் நீட்டிக் கிடந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது. மெல்லிய குறட்டை.

"அம்மா, ஷுட் ஐ டேர்ன் இட் ஆஃப்?" என்று நிரூபா கேட்டாள். குசுகுசுப்பில்லாமல், தன்னுடைய குரலில்.

"வேண்டாம், அடிக்கட்டும்" என்றேன். அடுத்த விசிலுக்காக இரண்டு பேரும் அறை வாசலிலேயே காத்து நின்றோம்.